சைக்கிள் திறப்பும் செக்கண்ட் ஷையும்

போன கிழமை சுன்னாகத்தில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் வரிசையில் நின்றேன். ஒரு அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு முன்னால் நின்ற தாய் தலையணை மொத்தத்துக்கு ஒரு கடதாசிக் கட்டைக் கொடுத்துவிட்டு நின்றார். மெஷின் கொதித்துப்போய்க் கிடந்தது. சூடேறிய கடதாசியும் மையும் சேர்ந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்தது. சாப்பாட்டு நேரம். பசிதான் வந்திருக்க வேண்டும். கோபம் வந்தது.

எட்டிப் பார்த்தேன். சேதன இரசாயனம், ஏ.எல். கெமிஸ்ட்ரி.

“பிள்ளை ஏ.எல்.லோ?” என்று கேட்டேன்.

“இல்லை மிஸ், இப்பத்தான் பத்தாம் வகுப்பு.”

“பத்தாம் வகுப்புக்கு ஏன் உது?”

“இப்பவே பாத்து வைச்சா, ஓ.எல். சோதினை எழுதின கையோடை தியறியை ஒரே ஓட்டமா ஓடலாம். பேந்து முழுக்க ரிவிசன்தான். முதலாம் ஷையிலையே மெடிசின் அடிக்கோணும். என்ரை மனுசன் எல்லாம் பிளான் போட்டு வைச்சிருக்கிறார்.”

பிளானுக்குரிய பிள்ளை பக்கத்தில் நின்று ஐஸ்பழம் சூப்பிக்கொண்டிருந்தது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து, கொப்பி எடுக்காமலே வெளியே வந்துவிட்டேன்.

ஷை என்பது வேறொன்றுமில்லை. பல்கலைக்கழகம் போக எடுக்கிற ஏ.எல். சோதனையை மூன்று தரம் எழுதலாம். ஒவ்வொரு தரத்துக்கும் எங்கள் ஊரில் ஷை என்று பெயர். இந்தச் சொல்லை ஆர் கொண்டுவந்தாரோ தெரியாது, கொண்டுவந்தவர் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தாலும் சரி, செத்த வீட்டுப் பந்தலுக்குள் இருந்தாலும் சரி, பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் ஒரு பிள்ளையைக் கண்டால் “சுகமோ” என்று கேட்கமாட்டார்கள். “எத்தினையாம் ஷை?” என்றுதான் கேட்பார்கள்.

எனக்குப் பிளான் போட்டவர் அப்பா. மினிபஸ்காரரின் சங்கத்தில் அவருக்கு ரைம்கீப்பர் வேலை. சந்தியில் ஒரு தகரக் கூட்டுக்குள் இருந்துகொண்டு எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது வெளிக்கிட வேண்டும் என்று எழுதுவார். பிந்தினால் விசில், முந்தினால் ஏச்சு. றைவர்மார் அவருக்குப் பயம். அந்த விசிலை அவர் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, அதுதான் ஒரு குறை. மற்றதெல்லாம் கொண்டுவந்தார்.

பதினோராம் வகுப்பு முடிவில் வருகிற ஓ.எல். சோதனையின் கடைசிப் பேப்பரை எழுதிவிட்டு வந்து நான் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை.

“நாளைக்கு விடிய கெமிஸ்ட்ரி வகுப்பு தொடங்குது” என்றார்.

“றிசல்ட் வரேல்லையே அப்பா?”

“றிசல்ட் வருமட்டும் பாத்துக்கொண்டிருந்தா முன் வாங்கிலை இருக்க இடம் வராது.”

பயோவா மற்ஸா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பயோ என்றுதான் சொல்லியிருப்பேன். இதை அழுத்திச் சொல்கிறேன். இப்போது இந்த மாதிரிக் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும், எனக்குப் படம் கீறத்தான் விருப்பம், வீட்டுக்காரர் டொக்டராகச் சொல்லி என்னைப் பாழாக்கிவிட்டார்கள் என்று அழுகிறார்கள். நான் அப்படியில்லை. எனக்கு டொக்டராக வர விருப்பம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தவளையை வெட்டின நாள் பாதி வகுப்பு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது. திறந்த நெஞ்சுக்குள் அந்தச் சின்ன இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருந்ததைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றவள் நான். இடைவேளை மணி அடித்ததே எனக்குக் கேட்கவில்லை. என்னை ஒருவரும் பின்னால் நின்று தள்ள வேண்டியிருக்கவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆனால் அப்பா தள்ளினார். தியறி ஒருவரிடம், ரிவிசன் இன்னொருவரிடம், பேப்பர் கிளாஸ் மூன்றாமவரிடம். சனிக்கிழமை விடியச் சுன்னாகத்தில் கெமிஸ்ட்ரி. அது முடிய ஓடிப்போய் நெல்லியடியில் பிசிக்ஸ். அங்கிருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்கு வந்து பயோ. இடையில் எங்கே சாப்பிட்டாய் என்று கேட்காதீர்கள். பஸ்ஸில்தான், மடியில் வைத்து, பக்கத்தில் இருக்கிறவரின் சேலையில் குழம்பு சிந்தாமல். பஸ்காரர் எல்லோரும் அப்பாவின் ஆட்கள் என்பதால் நான் வருமட்டும் பஸ் நிற்கும். சனம் ஏசும்.

“என்னப்பு, உந்த ரைம்கீப்பற்றை மோள் வந்து ஏறுமட்டும் நாங்கள் இதுக்குள்ளை அவியோணுமோ?”

“அவ டொக்டரா வந்தா உங்களுக்கு ஊசி சும்மா போடுவா, இருங்கோ” என்று கொண்டக்டர் சொல்லுவான். நான் முகத்தைத் தூக்க முடியாமல் கடைசி சீற்றுக்குப் போவேன்.

வீட்டில் இரண்டு வருடமும் வல்லாரை. வல்லாரைச் சம்பல், வல்லாரைச் சாறு, வல்லாரை போட்ட கஞ்சி. ஞாபகசக்தி வருமாம். இப்போது நான் விவசாயப் போதனாசிரியர். தோட்டங்களுக்குள் திரிகிற வேலை. வாய்க்கால் கரையில் வல்லாரையைக் கண்டால் இன்றைக்கும் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் போவேன். ரீவியை அப்பா போர்வையால் மூடிக் கட்டியிருந்தார், செத்த ஆள் மாதிரி அது மூலையில் கிடந்தது. வீட்டுக்கு வருகிற ஆட்களை அம்மா படலையடியில் மறித்து, “பிள்ளை படிக்குது” என்று குசுகுசுப்பார். சிலபேர் என்னவோ நோய் என்று நினைத்து மெதுவாகத் திரும்பிப் போவார்கள்.

கெமிஸ்ட்ரி மாஸ்ரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய கிடுகுக் கொட்டகை, கீழே மணல், ஒரு மைக். பாடம் நன்றாகத்தான் படிப்பித்தார், அதை இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பாடத்தைவிடக் கூடுதலாக அவர் படிப்பித்தது ஷைக் கணக்கு. எந்த ஷையைப் பழகிப் பார்க்க எடுப்பது, எந்த ஷையை அடிக்க எடுப்பது, எந்த ஷையைக் கையில் வைத்திருப்பது. ஏதோ சீட்டு விளையாடுகிற மாதிரி. சந்தியில் அவருக்கு ஒரு பெரிய பனர் இருந்தது. மெடிசின் கிடைத்த பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக, நடுவில் எல்லோரையும்விடப் பெரிதாக அவருடைய முகம். வகுப்பில் சேருகிற அன்றே எங்களிடம் பாஸ்போட் சைஸ் படம் வாங்கி வைத்துவிடுவார்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் ஜெசிந்தா. கொழும்புத்துறைப் பெட்டை, தகப்பனுக்குக் கடல் தொழில். அவளுடைய வீட்டில் ஒருவருக்கும் ஷைக் கணக்குத் தெரியாது. “உன்ரை பிளான் என்னடி?” என்று கேட்டேன் ஒருநாள்.

“பிளானோ? சோதினை வரும், போய் எழுதுவன்.”

“பிறகு?”

“பிறகு வீட்டை வந்து சாப்பிடுவன். விசர்க்கதை கேக்கிறாய்.”

நாங்கள் முன் வாங்குக்காரர் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தோம்.

சோதனை வந்தது. முதலில் கெமிஸ்ட்ரி. எனக்கு நன்றாகவே போனது. எம்.சி.கியூ.வில் சில கேள்விகளுக்கு முதலில் ஒரு விடையை நினைத்து வினாத்தாளில் கோடு போட்டேன். பிறகு யோசித்து, விடைத்தாளில் வேறு விடைக்குப் புள்ளடி போட்டேன். வினாத்தாளில் போட்ட கோட்டைத் திருத்தவில்லை. அதற்கு மார்க்ஸ் தரமாட்டார்களே, ஏன் திருத்துவான்? சோதனை மண்டபத்துக்குள் இருக்கிற பிள்ளைக்கு வேறு வேலையில்லையா?

வெளியே பள்ளிக்கூட வாசலில் சனம், தேர்த் திருவிழா மாதிரி. தாய் தகப்பன்மார், குடை, சோடாப் போத்தல். பிள்ளை வெளியே வருகிறதுக்கு முன்னம் அதன் கையிலிருக்கிற வினாத்தாளைப் பறிக்கிறதுதான் முறை. மாஸ்ரரின் ஆட்கள் அதற்குள் விடைகளைத் தயாரித்து, கொப்பி அடித்துச் சூடாகக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். அந்த மணம்தான், நான் முதலில் சொன்ன மணம். அப்பா ஒன்றை வாங்கி, மதிலில் வைத்து, என்னுடைய வினாத்தாளோடு ஒப்பிட்டுச் சரி பிழை போடத் தொடங்கினார். பஸ்ஸுக்குப் போடுகிற அதே சிவப்புப் பேனை.

கொஞ்ச நேரத்தில் அவருடைய முகம் கறுத்தது.

“என்ன பிள்ளை, இவ்வளவு பிழை?”

“அப்பா, நான் உதிலை போட்டது வேறை. விடைத்தாளிலை மாத்தினனான்.”

“எதெதை மாத்தினனீ?”

“எல்லாம் ஞாபகமில்லை.”

“ஞாபகமில்லாமல் என்னண்டு மாத்தினனீ?”

இது ஒரு கேள்வியா? நீங்களே சொல்லுங்கள். என் தலையெழுத்து அந்த விடைத்தாளில் உறைக்குள் போய்விட்டது, இவர் வெறும் கோட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ஓம் ஓம் என்றார். ஓம் என்றால் எங்கள் வீட்டில் கேட்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்த பாடம் பிசிக்ஸ். அன்று விடிய நான் குளித்து, சீருடை போட்டு, பேனை பென்சில் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு வெளியே வந்தால் படலையடியில் மாஸ்ரரின் மோட்டார் சைக்கிள். அப்பா போய்க் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு பேரும் மாமரத்தடியில் நின்று கதைத்தார்கள், ஏதோ காணி வாங்குகிற ஆட்கள் மாதிரி.

“பிள்ளை, கவலைப்படாதை” என்றார் மாஸ்ரர். “இதை விடுவம். மிச்சத்தை எழுதி ஒரு குறைஞ்ச றிசல்ட்டை ஏன் எடுப்பான்? அடுத்த கிழமை புது பாட்ச் தொடங்குது. வந்து முன் வாங்கிலை இரு. செக்கண்ட் ஷைதான் எங்கடை ஷை.”

“சேர், எனக்குப் பிழைக்கேல்லை.”

“எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான் சொல்லுறது.”

அப்பா தன்னுடைய ஞாயத்தைச் சொன்னார். “குறைஞ்ச றிசல்ட் வந்தா சனம் கதைக்கும். றிசல்ட்டே இல்லாட்டி என்னத்தைக் கதைக்கும்? ஒரு பஸ் பிழைச்சா அடுத்த பஸ். அந்தரப்பட்டு ஓடுற பஸ்ஸிலை தொங்கி ஏறக்கூடாது.”

அரைவாசி எழுதிவிட்டு வந்தால் அந்த ஷை கணக்கில் போகுமா போகாதா என்று அவர்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம். போகாது என்றார் ஒருவர், போகும் என்றார் மற்றவர். கடைசிவரை இரண்டு பேருக்கும் தெரியாது. தெரியாமலே முடிவெடுத்தார்கள்.

அம்மா குசினி வாசலில் என்னுடைய சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றார். அம்மா அப்பாவுக்கு முன்னால் வாயே திறக்காத மனுசி. அன்றைக்குத் திறந்தார். “பிள்ளை வெளிக்கிட்டு நிக்குதெல்லோ. எழுதட்டுமன். எழுதினா என்ன குறைஞ்சு போகும்?”

“உமக்கு உது விளங்காது” என்றார் அப்பா.

நான் சைக்கிளை எடுக்கப் போனேன். அப்பா எனக்கு முன்னால் போய், சைக்கிளைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார். கத்தவில்லை, அடிக்கவில்லை. திறப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, பையை ஒருதரம் தட்டிப் பார்த்தார். எனக்கு அந்தத் தட்டல்தான் இன்னும் மறக்கவில்லை. நடந்து போகிற தூரமில்லை பள்ளிக்கூடம். ஆனாலும் நடந்தேன். ஒழுங்கை முடிகிற இடம்வரை நடந்தேன். அங்கே அப்பாவின் பஸ் எல்லாம் வந்தது. ஒன்றும் நிற்கவில்லை. அவர் முந்தியே சொல்லி வைத்திருக்கிறார். எனக்காகக் காத்து நின்ற அதே பஸ்கள், கையைக் காட்டக் காட்ட, ஹோனை அடித்துக்கொண்டு போயின. நான் வீட்டுக்குத் திரும்பி வரும்போது மண்டபத்தில் பேப்பர் கொடுத்திருப்பார்கள். பயோவுக்கும் அந்தத் திறப்பு பைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

ஜெசிந்தாவுக்குக் கெமிஸ்ட்ரி உண்மையாகவே பிழைத்தது. மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதவள். வீட்டில் தாய், தகப்பனைக் காட்டி, “வெளிக்கிட்ட பிள்ளை, எழுதீட்டு வா. மீன்பாடு இல்லையெண்டு கொப்பர் கடலுக்குப் போகாமல் விடுறவரோ?” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் எல்லாம் எழுதினாள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பாள்.

றிசல்ட் வந்தது. எனக்குப் பிசிக்ஸ் வரவில்லை, பயோ வரவில்லை. சோதனைக்கு வராதவருக்கு வேறென்ன வரும்? கெமிஸ்ட்ரி ஏ.

நான் அழவில்லை. சிரிப்புத்தான் வந்தது, கெட்ட சிரிப்பு. அப்பா அந்தக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “பாத்தியே, உனக்கு ஏலும்” என்றார். இதைவிட ஒரு மனிதனால் எப்படி ஒருத்தியை விசராக்க முடியும்?

அது போதாதென்று மாஸ்ரர் பனரில் என்னுடைய படத்தைப் போட்டார். முதலாம் ஷையிலேயே கெமிஸ்ட்ரி ஏ. கீழே என் பெயர், ஊர், எல்லாம். மற்ற இரண்டு பாடத்தையும் பற்றி ஒரு சொல் இல்லை. சேரும்போது கொடுத்த அந்தப் பாஸ்போட் சைஸ் படத்தை வாசல் அகலத்துக்குப் பெருப்பித்திருந்தார்கள், என்னுடைய மூக்குத்தான் சந்தி முழுக்கத் தெரிந்தது. அப்பா தகரக் கூட்டுக்குள் இருந்து வருகிற போகிற றைவர்மாருக்கெல்லாம் விரலை நீட்டிக் காட்டினார். “எங்கடை பிள்ளை.” நான் அந்தச் சந்தியைச் சுற்றிக்கொண்டு பின் ஒழுங்கையால் போய்வரத் தொடங்கினேன்.

செக்கண்ட் ஷை வருடம் பேப்பர் கிளாஸில் பழைய வினாத்தாள்கள் செய்விப்பார்கள். நான் எழுதாமல் விட்ட பிசிக்ஸ் பேப்பர் ஒருநாள் கையில் வந்தது. மணிக்கூட்டை வைத்து எழுதினேன். வகுப்பில் ஆகக் கூடின மார்க்ஸ் எனக்கு. பிசிக்ஸ் மாஸ்ரருக்குக் கதை தெரியாது. “இதை நீ மண்டபத்திலை எழுதியிருந்தா இப்ப எங்கையோ இருந்திருப்பாய், என்ன?” என்று பகிடி விட்டார். வகுப்பு சிரித்தது. எழுதியிருந்தால் மெடிசின் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கிடைத்திருக்காது என்றாவது தெரிந்திருக்கும்.

ஒருதரம் படித்ததை இரண்டாம் தரம் படிப்பது ஆறின தேத்தண்ணி குடிக்கிற மாதிரி. முந்தின வருடம் கண்ணை மூடினால் நெஞ்சுக்குள் வால்வு திறந்து மூடுகிறது தெரியும். இந்த வருடம் படம் மட்டும்தான் தெரிந்தது, கீழே பெயர் போட்ட படம். செக்கண்ட் ஷையை முழுக்க எழுதினேன். மெடிசினுக்குரிய வெட்டுப்புள்ளி தவறியது. மயிரிழையில் என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். மயிரிழையில் இல்லை, நன்றாகத்தான் தவறியது. விவசாயபீடம் கிடைத்தது.

அப்பா புதுப் பிளானோடு வந்தார். “மூண்டாம் ஷை இருக்கு.”

“வந்து நிக்கிற பஸ்ஸிலை நான் ஏறுறன், அப்பா” என்றேன். அவருடைய பாஷையில் சொன்னதால்தானோ என்னவோ, விளங்கிக்கொண்டார்.

வேலை எனக்குப் பிடிக்காமலில்லை. வெங்காயத்தில் வருகிற நோயெல்லாம் எனக்குத் தெரியும், தோட்டக்காரர் என்னை டொக்டரம்மா என்று பகிடி பண்ணுவார்கள். நான் திரும்பி ஏசுவேன். அவர்கள் சிரிப்பார்கள். ஜெசிந்தாவும் டொக்டராகவில்லை. முதலாம் ஷையில் வந்த றிசல்ட்டோடு இயன்மருத்துவம் படித்து, ஆஸ்பத்திரியில் விழுந்து எழும்பின கிழவன்மாரை அதட்டி நடக்கவைத்துக்கொண்டிருக்கிறாள். எப்போது போன் எடுத்தாலும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

கிடுகுக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மாபிள் விற்கிறார்கள். வகுப்பெல்லாம் போனுக்குள் போய்விட்டது, வாங்குக்கு அடிபடுகிற ஆளில்லை. மாஸ்ரர் கனடா போய்விட்டார், அங்கே வீடு வாங்குகிறவர்களுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கிறாராம். தகரக் கூட்டைத் தூக்கிவிட்டார்கள். அம்மா செத்து நாலு வருடம்.

அப்பா இருக்கிறார். அண்மையில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோகிறேன், அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார்:

“டொக்டரா வந்திருக்க வேண்டிய பிள்ளை. கெமிஸ்ட்ரி பிழைச்சிட்டுது எண்டு மனம் விட்டிட்டாள். அழுதுகொண்டு படுத்திட்டாள். போய் எழுது பிள்ளை, எழுது பிள்ளை எண்டு நானும் தாயும் எவ்வளவு கெஞ்சினனாங்கள். கேக்கேல்லை.”

நான் தட்டை மேசையில் வைத்தேன். கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன்.

“என்ன கதை அப்பா இது? நான் வெளிக்கிட்டெல்லோ நிண்டனான்!”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்கிற ஆளின் முகம் எனக்குத் தெரியும், தோட்டங்களில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அது அந்த முகமில்லை. உண்மையாகவே குழம்பிப்போய்ப் பார்த்தார்.

“எங்கை பிள்ளை நிண்டனீ? படுத்தெல்லோ கிடந்தனீ. கொம்மாவைக் கேட்டுப் பார்” என்றார்.

வந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சரி சரி, போனது போகட்டும்” என்று தேத்தண்ணியை எடுத்தார்.

அன்று விடிய நான் சீருடை போட்டு, இரட்டைப் பின்னல் பின்னி, அந்த வீட்டு முற்றத்தில் நின்றேன். அதைக் கண்ட ஆட்களில் இங்கே மிச்சமிருக்கிறவர் அப்பா ஒருவர்தான். அவரிடமிருந்தும் அது போய்விட்டது.